அந்த ஒற்றை எண்ணை எடுத்துவிடுங்கள்: ஆசிரியர் மதிப்பீட்டுத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராசிரியர்களுக்கு மாணவர்கள் மதிப்பெண் போடும் இணையதளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆய்வு மாணவி. பட்டப்படிப்புக் காலம் முழுக்க உங்கள் தளங்களைப் பார்த்துத்தான் பாடங்களைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ஆய்வுக்கு நடுவே இளநிலை மாணவர்களுக்கு டியூட்டோரியல் வகுப்பும் எடுக்கிறேன், அதனால் என் பெயரும் அங்கே ஏறியிருக்கிறது. இரண்டு பக்கமும் நிற்கிற ஆளாகத்தான் இதை எழுதுகிறேன். தளத்தை மூடுங்கள் என்று சொல்ல வரவில்லை, மாணவர்கள் எழுதக்கூடாது என்றும் சொல்ல வரவில்லை. முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பேராசிரியரின் பெயருக்கு மேலும் பெரிய எழுத்தில் 3.2 என்றும் 4.6 என்றும் ஓர் எண் நிற்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். மாணவர்கள் எழுதியது இருக்கட்டும். எண் வேண்டாம்.

இந்தத் தளங்கள் எதற்கு வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைத் திட்டும் ஆசிரியர்களில் பலர் அந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. ஒரு விருப்பப் பாடத்தை எடுக்கப்போகும் மாணவருக்கு என்ன தெரியும்? பாடத்தின் பெயர், நடத்துபவரின் பெயர், பாடத்திட்டம் என்று ஒரு தாள், அவ்வளவுதான். சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்வாரா எரிந்து விழுவாரா, விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தருவாரா, நடத்தியதிலிருந்து கேட்பாரா நடத்தாததிலிருந்து கேட்பாரா, இதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. சீனியர்களைத் தெரிந்தவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்வார்கள். விடுதியில் தங்கியிருப்பவர்கள், அண்ணனோ அக்காவோ அதே துறையில் படித்தவர்கள், யாரிடமும் கூச்சமில்லாமல் போய்ப் பேசக்கூடியவர்கள், இவர்களுக்கெல்லாம் உங்கள் தளம் இல்லாவிட்டாலும் காரியம் நடந்துவிடும். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவருக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிக்கிறவருக்கும், புது ஊரில் ஒருவரையும் தெரியாமல் நிற்பவருக்கும் அந்தப் பேச்சு காதில் விழுவதே இல்லை. அவர்கள் கைக்கும் அது கிடைக்கச் செய்தது உங்கள் தளங்கள்தான். அதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியாது.

எனக்குக் கிடைத்த ஓர் உதவியையே சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு கணிதப் பாடத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நடத்துகிறவரின் சராசரி மூன்றுக்கும் கீழே. உள்ளே போய்ப் படித்தால் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: "முதல் மூன்று வாரம் ஒன்றும் புரியாது, பயந்துபோய்ப் பாடத்தை மாற்றிவிடாதீர்கள். மூன்றாவது அசைன்மென்டில் எல்லாம் ஒன்றுசேரும். அறைக்குப் போய்க் கேட்டால் உட்காரவைத்துச் சொல்லித்தருவார், ஆனால் நீங்கள் முயன்று பார்த்த தாளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்." நான் அந்தப் பாடத்தை எடுத்தேன். எழுதியிருந்தது அப்படியே நடந்தது. தாளைக் கொண்டுபோனேன், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இப்போது என் ஆய்வு நிற்பதே அந்தப் பாடத்தின் மேல்தான். அந்தக் குறிப்பை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஐந்துக்கு அவர் போட்டிருந்த மதிப்பெண் மூன்று. மேலே நின்ற எண் ஓடு என்றது, கீழே இருந்த நாலு வரி இரு என்றது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

எதிர்ப்பக்கமும் உண்டு. செமஸ்டர் முழுக்க ஒரு விடைத்தாளைக்கூடத் திருப்பித் தராமல், கடைசியில் மொத்த மார்க்கை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிற ஆசிரியர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். நிர்வாகம் கடைசி வாரத்தில் ஒரு கருத்துப் படிவம் கொடுக்கும். நிரப்பிக் கொடுப்போம். அதில் என்ன வந்தது, யார் படித்தார்கள், ஏதாவது மாறியதா என்று நிரப்பிய மாணவருக்கு ஒரு வார்த்தை வராது. பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதும் பெரிய வேலையில்லை, அதனால் பயந்து எல்லாவற்றுக்கும் 'நன்று' போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அப்படியிருக்கும்போது, "இவர் தாள் திருப்பித் தரமாட்டார்" என்ற ஒரு வரி அடுத்த ஆண்டு மாணவர் கண்ணில் படுகிற ஒரே இடம் உங்கள் தளம்தான். பெயர் சொல்லாமல் எழுதும் வசதியை எடுத்துவிட்டால் அந்த வரியும் போய்விடும். அதனால்தான் மூடச் சொல்லும் ஆசிரியர்களோடு என்னால் சேர முடியவில்லை.

நீதிமன்றங்களும் இதில் ஒரே மாதிரி சொல்லவில்லை. பள்ளி ஆசிரியர்களைப் பெயர் சொல்லி மதிப்பிட்ட தளங்கள் ஐரோப்பாவில் வழக்குக்குப் போயின. 2008-ல் பாரிஸ் நீதிமன்றம் 'நோட்டுபி' என்ற தளம் ஆசிரியர்களின் பெயரைப் போடக்கூடாது என்றது. 2009-ல் ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றம் 'ஷ்பிக்மிஷ்' வழக்கில், மாணவர்கள் கருத்துச் சொல்லும் உரிமை இதற்குள் அடங்கும் என்று சொல்லி ஆசிரியையின் மனுவைத் தள்ளிவிட்டது. நான் ஜெர்மன் தீர்ப்பின் பக்கம். ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, செய்வது நியாயமாக இருப்பது வேறு. எனக்குக் கவலை இரண்டாவதைப் பற்றி.

சரி, எண்ணுக்கு வருகிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஏன் சோற்றுக்குச் சரியாக வருகிறது? எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது, எடுத்துப் பார்க்கும் பருக்கையும் தானாக முன்வந்து கரண்டியில் ஏறவில்லை. உங்கள் தளத்தில் எழுதுகிறவர் தானாக வருகிறவர். மிகவும் பிடித்துப்போனவர் வருவார், கடும் கோபத்தில் இருப்பவர் வருவார். பரவாயில்லை, ஒழுங்காக நடத்தினார், படித்தேன், பாஸ் ஆனேன் என்று போகிற பெரும்பான்மைக்கு அங்கே வந்து எழுத ஒரு காரணமும் இல்லை. நூற்றிருபது பேர் உட்கார்ந்த வகுப்பிலிருந்து ஐந்து பேர் எழுதியதைக் கூட்டி வகுத்துவிட்டு அதை அந்த ஆசிரியரின் தரம் என்று மேலே மாட்டுகிறீர்கள்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்: 5, 5, 4, 4. சராசரி 4.5. ஐந்தாவதாக ஒருவர் வந்து 1 போடுகிறார். சராசரி 3.8 ஆகிவிட்டது. அந்த ஒருவர் காப்பியடித்து மாட்டியவராக இருக்கலாம், உண்மையாகவே அநியாயம் நடந்தவராகவும் இருக்கலாம், எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொரு கணக்கு. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் 5, ஆறு பேர் 1 போட்டால் சராசரி 3. பன்னிரண்டு பேருமே 3 போட்டாலும் சராசரி 3. முதல் ஆசிரியர் பாதி வகுப்பைத் தூக்கி நிறுத்தி மீதிப் பாதியை வழியிலேயே விட்டவர், இரண்டாமவர் யாருக்கும் நல்லதும் செய்யாமல் கெட்டதும் செய்யாமல் போனவர். பாடம் எடுக்கப்போகும் மாணவருக்கு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தானே தெரியவேண்டும்? நீங்கள் காட்டும் எண் சரியாக அதைத்தான் மறைக்கிறது.

எல்லோரும் எழுதிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. வகுப்பு முழுவதற்கும் கொடுத்து நிரப்பச் சொல்லும் படிவங்களை வைத்தே எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மாணவர் போடும் மதிப்பெண்ணும் மாணவர் கற்றுக்கொண்டதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. 1981-ல் பீட்டர் கோஹன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஓரளவு நல்ல தொடர்பு இருக்கிறது என்று எழுதினார், ரொம்ப நாள் எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். 2017-ல் பாப் உட்லும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்த ஆய்வுகளை மறுபடி எடுத்து, புதியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய தொடர்பு காட்டியவை பெரும்பாலும் மிகச் சிறிய ஆய்வுகள், அதைக் கணக்கில் எடுத்தால் தொடர்பு கிட்டத்தட்ட மறைந்துபோகிறது என்று வந்தது.

இதைவிட எனக்கு மனதில் நிற்பது அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் ஸ்காட் கரெல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் செய்து 2010-ல் வெளியிட்டது. அந்தக் கல்லூரியில் கட்டாயப் பாடங்களுக்கு மாணவர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, யாருக்கு யார் என்பதைக் கல்லூரியே எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் ஒதுக்குகிறது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். அடுத்தடுத்த பாடங்களும் கட்டாயம், அதனால் முதல் கணிதப் பாடத்தை யாரிடம் படித்தவர் அடுத்த பாடத்தில் என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து பார்க்கலாம். பார்த்தார்கள். அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினார்கள், அந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. அனுபவமும் கூடுதல் படிப்பும் உள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்களோ முதல் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கி, அடுத்து வந்த கடினமான பாடங்களில் முந்தினார்கள். அந்த ஆசிரியர்களுக்கு மதிப்பெண் குறைவு. தேர்வுக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக் கொடுத்தவரை மாணவர் கொண்டாடுகிறார். ஆழமாக உழவைத்தவர் மேல் அப்போது எரிச்சல்தான் வருகிறது, அந்த உழைப்பின் பலன் தெரியவரும்போது மதிப்பெண் போட்டு முடித்து வெகுநாள் ஆகியிருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்பில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வும் இதே ரகம். ஒரு குழுவுக்குத் தேர்ந்த பேச்சாளர் ஒருவர் சரளமாக விளக்கினார். இன்னொரு குழுவை அதே பாடத்தில் தாங்களே கூடிக் கணக்குப் போடச் சொல்லித் திணறவைத்தார்கள். அடுத்த பாடத்துக்குக் குழுக்களை மாற்றிப்போட்டார்கள். சின்னத் தேர்வு வைத்தால் திணறிய குழுவுக்குத்தான் மார்க் அதிகம். எவ்வளவு கற்றுக்கொண்டதாக நினைக்கிறாய் என்று கேட்டால், சரளமான விளக்கத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் கற்றுக்கொண்ட நினைப்பு. இதில் மாணவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. புரிந்துவிட்ட மாதிரி இருப்பதற்கும் புரிந்ததற்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இருந்து பார்க்கும்போது யாருக்குமே தெரியாது, எனக்கும் கருத்தரங்குகளில் அப்படித்தான் ஆகிறது. "இவர் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறார், ஐந்துக்கு எத்தனை" என்று மாணவரைக் கேட்பது, அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கவே முடியாத ஒன்றைக் கேட்பது.

அடுத்தது யாருக்கு இந்த எண் அதிகமாக வலிக்கிறது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2014-ன் கடைசியில் லிலியன் மெக்னெல் குழுவினரின் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் முழுக்க இணையவழியாக நடந்த ஒரு பாடம். துணை ஆசிரியர்கள் இருவர், ஓர் ஆண், ஒரு பெண். முகம் தெரியாது, குரல் கேட்காது. ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தன் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் நடத்தினார்கள். திருத்திய தாள்களை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். தாள் நேரத்துக்கு வந்ததா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்குக் கிடைத்தது 4.35, பெண் பெயருக்குக் கிடைத்தது 3.55. கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு விஷயத்திலேயே இப்படி. மொத்தம் 43 மாணவர்கள்தான், சிறிய ஆய்வு, அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. 2019-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20,000 மதிப்பீடுகளை வைத்து ஃப்ரீடரிக்கே மெங்கல் குழுவினர் செய்த ஆய்வும் இருக்கிறது. அங்கேயும் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் கண்ணைமூடிக்கொண்டுதான் ஒதுக்குகிறார்கள். பெண் ஆசிரியர்களிடம் படித்தவர்களின் மார்க்கும் குறையவில்லை, படித்த நேரமும் மாறவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் போட்ட மதிப்பெண் மட்டும் குறைந்தது. அதிகம் குறைத்தவர்கள் ஆண் மாணவர்கள், அதிகம் அடிபட்டவர்கள் கணிதம் சார்ந்த பாடங்களை நடத்திய இளம் பெண்கள். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான அதே பாடநூலுக்கும் அதே இணையப் பக்கத்துக்கும்கூட, நடத்தியவர் பெண் என்றால் மதிப்பெண் குறைவாக விழுந்தது. புத்தகம் என்ன செய்தது?

என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி ஒருத்தி புள்ளியியல் வகுப்பு எடுக்கிறாள். அவள் பக்கத்தில் வந்த குறிப்புகளை ஒருநாள் என்னிடம் திருப்பிக் காட்டினாள். குரல் கீச்சென்று இருக்கிறது. சிரிக்கவே மாட்டாள். உடை சரியில்லை. பாடத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது, உதாரணக் கணக்குகள் போதவில்லை என்று. அதை அவள் உடனே சரிசெய்துவிட்டாள், அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு தலைப்புக்கும் கூடுதல் கணக்குத் தாள். குரலை என்ன செய்வாள்? அந்த உபயோகமான குறிப்புக்கும் அந்தக் குப்பைக்கும் உங்கள் சராசரியில் ஒரே எடைதான். இப்போது அவள் வகுப்புக்குள் நுழையும் முன் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் போகிறாள். நன்றாக நடத்துகிறவள். ஆராய்ச்சி மட்டும் போதும், வகுப்பே வேண்டாம் என்று அவள் சொல்லும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இந்தத் தளங்களில் பெரியது 1999-ல் ஜான் ஸ்வாப்சின்ஸ்கி என்ற மென்பொருள் பொறியாளர் தொடங்கி, 2001-ல் 'ரேட் மை புரொஃபஸர்ஸ்' என்று பெயர் மாறிய அமெரிக்கத் தளம். அதில் ஆசிரியர் பார்க்க அழகாக இருக்கிறாரா என்று சொல்ல ஒரு மிளகாய்ப் படம் வைத்திருந்தார்கள். 2004-ல் ஜேம்ஸ் ஃபெல்டனும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் தளத்தின் தரவுகளையே எடுத்துப் பார்த்தபோது, தரத்துக்குப் போட்ட மதிப்பெண் பாடத்தின் எளிமையோடும் அந்த மிளகாயோடும் சேர்ந்தே ஏறி இறங்கியது தெரிந்தது. நன்றாக நடத்தினால் பாடம் எளிதாகத் தோன்றும் என்று ஒருவர் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. அழகுக்கு என்ன சமாதானம் சொல்வது? பேராசிரியர்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு 2018-ல் அந்த மிளகாயை எடுத்தார்கள். எடுத்ததால் தளம் நின்றுவிடவில்லை. இன்னும் நடக்கிறது. நான் கேட்பதும் அதே மாதிரி ஒரு நீக்கம்தான்.

எண் தளத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் இவ்வளவு எழுதமாட்டேன். ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் போட்டால் முதல் வரிசையிலேயே உங்கள் நட்சத்திரங்கள் வந்து நிற்கின்றன. வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்க்கிறார், துறைத் தலைவர் பார்க்கிறார், பெற்றோர் பார்க்கிறார்கள். நிரந்தர வேலையில் இருப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர் என்ன செய்வார்? கேள்வித்தாளை இலகுவாக்குவார். தாமதமாக வந்த அசைன்மென்டைக் கேள்வி கேட்காமல் வாங்குவார். கஷ்டமான அத்தியாயத்தை மெல்ல நழுவவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த அத்தியாயம் தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போய் மாட்டிக்கொள்வது மாணவர்தான். டியூட்டோரியலில் அப்படி வந்து உட்காருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். முந்தைய பாடத்தில் நல்ல மார்க் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது.

அப்படியானால் மாணவருக்கு ஒன்றுமே தெரியாதா என்று கேட்டால், நிறையத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாதது தெரியும். துறைத் தலைவர் ஆண்டுக்கு ஒரு மணிநேரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார், அன்றைக்கு எல்லா ஆசிரியரும் நன்றாகத்தான் நடத்துவார்கள். செமஸ்டர் முழுக்க அங்கே இருந்தது மாணவர் மட்டும்தான். வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா, எத்தனை வகுப்பு சொல்லாமல் ரத்தானது, தாள் எத்தனை நாளில் திரும்பி வந்தது, அதில் எங்கே தப்பு என்று எழுதியிருந்ததா வெறும் மார்க்கா, கேள்வி கேட்டவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினாரா, பலகையில் எழுதியது கடைசி வரிசைக்குத் தெரிந்ததா, தேர்வில் வந்தது நடத்திய பகுதியிலிருந்துதானா. இதில் எதற்கும் கற்பித்தல் நிபுணர் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும்.

கனடாவில் ஒரு வழக்கு இதையே சொன்னது. டொராண்டோவில் அன்றைக்கு ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் நடுவில், மாணவர் படிவ மதிப்பெண்ணைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற பிரச்சினை பல ஆண்டுகள் ஓடி, 2018-ல் நடுவர் வில்லியம் கப்லான் தீர்ப்புச் சொன்னார். கற்பிக்கும் திறனை அளப்பதற்கு அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக்கூடாது என்றார். அதே தீர்ப்பில், மாணவரின் அனுபவத்தைச் சொல்ல மாணவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டார். அது பல்கலைக்கழகமே நடத்திய படிவம். வகுப்பில் இருந்தவர்தான் நிரப்புகிறார் என்ற உறுதியாவது அதற்கு உண்டு. உங்கள் தளத்தில் அதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆசிரியரே தனக்கு ஐந்து போட்டுக்கொள்ளலாம், முன்விரோதம் இருக்கிறவர் நாலு பெயரில் வந்து ஒன்று போடலாம்.

அதனால் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்றும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாணவருக்கு நேரில் தெரிந்ததைக் கேளுங்கள், நான் மேலே சொன்ன மாதிரிக் கேள்விகள். ஆம், இல்லை, எத்தனை நாள் என்று பதில் வரும்படி கேளுங்கள். "எழுதிய 9 பேரில் 7 பேர் தாள் இரண்டு வாரத்துக்குள் வந்தது என்கிறார்கள்" என்று காட்டினால் அது மாணவருக்கும் உதவும், ஆசிரியருக்கும் என்ன திருத்திக்கொள்ள வேண்டும் என்று தெரியும். எத்தனை பேர் எழுதினார்கள், எந்த ஆண்டு எழுதினார்கள் என்பதைப் பெரிதாகப் போடுங்கள். பத்து ஆண்டுக்கு முன் முதல்முறை வகுப்பெடுத்தபோது தடுமாறிய ஒருவர் இன்றைக்கும் அந்தக் குறிப்புகளைச் சுமக்க வேண்டியதில்லை, பழையதைத் தனியாகப் பின்னால் ஒதுக்குங்கள். நாலு பேர்கூட எழுதாத பக்கத்தில் பதில்களின் தொகுப்பே வேண்டாம், எழுதியதை மட்டும் காட்டுங்கள்.

எழுதும் பெட்டிக்கு மேலே, பேச்சு வழக்கு, தோற்றம், பாலினம் இதெல்லாம் நம் மதிப்பீட்டை நமக்கே தெரியாமல் சாய்க்கும், பாடத்தைப் பற்றி எழுதுங்கள் என்று நாலு வரி போடுங்கள். இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2019-ல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் பீட்டர்சன் குழுவினர் கருத்துப் படிவத்தின் தலையில் இப்படி ஒரு குறிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள், பெண் ஆசிரியர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் கூடியது, ஆண்களுக்கு மாறவில்லை. அதே ஆண்டு லாரன் ரிவேரா, அன்ட்ராஷ் டில்சிக் இருவரும் வெளியிட்டது இன்னும் யோசிக்கவைக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் பத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த மதிப்பெண்ணை ஆறுக்கு என்று மாற்றியதும், ஆண்கள் மிகுந்த துறைகளில் பெண்களுக்கு இருந்த பின்னடைவு ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆசிரியர்கள் அப்படியே இருந்தார்கள், அளவுகோல் மாறியது, தரம் மாறியதாகத் தெரிந்தது. இதற்குப் பிறகும் அந்த எண் ஆசிரியரின் தரத்தைக் காட்டுகிறது என்று நம்மால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆசிரியருக்குப் பதில் எழுத இடம் கொடுங்கள், குறிப்புக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில். உடலைப் பற்றியும் குரலைப் பற்றியும் வருவதை யாராவது புகார் செய்யும்வரை காத்திருக்காமல் எடுங்கள். எழுதுகிறவர் அந்தப் பாடத்தில் இருந்தவர்தானா என்பதைக் கல்லூரி மின்னஞ்சல் வழியாக ஒருமுறை உறுதிசெய்துவிட்டு, அந்த முகவரியைச் சேமிக்காமல் அழித்துவிடுங்கள். இது முடியாத காரியம் இல்லை. பெயரைக் காப்பாற்றுவதில் மட்டும் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காதீர்கள், எந்தத் துறைத் தலைவர் கேட்டாலும் சரி.

எண்ணைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், எடுத்துவிட்டால் வரமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். பாடம் எடுக்கும் வாரத்தில் ஒரு மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எண்ணை ஒரு கணம் பார்க்கிறார், அப்புறம் கீழே இறங்கி ஒவ்வொரு குறிப்பாகப் படிக்கிறார், நண்பரிடம் வாசித்துக் காட்டுகிறார், "இதைப் பார், தாளைக் கொண்டுபோகச் சொல்கிறார்" என்று குறித்துக்கொள்கிறார். அவர் வருவது அதற்குத்தான். ஒரே ஒரு செமஸ்டருக்கு, ஒரே ஒரு துறையின் பக்கங்களில் மட்டும் எண்ணை மறைத்துவிட்டு, வருகிறவர் குறைகிறார்களா, எழுதும் குறிப்புகள் நீளமாகின்றனவா என்று பாருங்கள். முடிவை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு துறை வேண்டுமென்றால் என் பெயர் இருக்கும் பக்கத்திலிருந்தே தொடங்கலாம், அதில் இப்போது நிற்பது 4.1. அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் படிக்கிறவளும் எழுதப்படுகிறவளுமான ஓர் ஆய்வு மாணவி